துவாய் முகக்கவசம் ஆகாது

புத்தளம் வடகரையின் வேலைத்தளங்களில் உயிர் காக்கும் கவசங்கள்: எந்த வேலைக்கு எது, அது யாருடைய பொறுப்பு?

சங்கு ஊதியதும் கற்குழியின் விளிம்பிலிருந்து ஆட்கள் விலகுகிறார்கள். துளைகளில் நிரப்பிய வெடிமருந்து வரிசையாக வெடிக்க, நிலம் காலடியில் ஒருமுறை அதிர்கிறது. சுண்ணாம்புக்கல் சுவர் சரிந்த இடத்திலிருந்து வெண்தூசி எழுந்து, கடற்காற்றில் சாய்ந்து, பற்றைக்காட்டின் இலைகளில் படிகிறது. சிறிது நேரத்தில் வானம் தெளிந்துவிடும். அடங்கியது கண்ணுக்குத் தெரிந்த தூசி மட்டுமே. நுரையீரலின் அடிவரை போகும் துகள் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கை விடச் சிறியது. அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அந்தக் காற்றுக்குள்தான் டிப்பர்கள் இறங்குகின்றன, பெக்கோ கல்லை வாருகிறது, நாட்கூலிக்கு வந்தவர் துவாயை மூக்கில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்.

சுண்ணாம்புக்கல் உடைக்கும் எந்த இடத்திலும் காணக்கூடிய காட்சி இது. துவாய் பெருந்தூசியைத் தடுக்கும். நோய் தரும் நுண்தூசி அதன் நெசவிடைவெளியால் நுழைந்துவிடும். பாதுகாப்பாக இருப்பதாக ஓர் எண்ணத்தையும் அது கொடுத்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு பத்து ஆண்டுகள் வேலை செய்தவரின் நுரையீரல் பதினோராம் ஆண்டில் கணக்குக் கேட்கும்.

ஒரு கரை, பல ஆபத்துகள்

எலுவன்குளம், வண்ணாத்திவில்லு பிரதேச செயலகப் பிரிவில், வில்பத்துக் காட்டின் தென்மேற்கு ஓரத்தில், கலா ஓயா புத்தளம் களப்பைச் சேரும் இடத்துக்கு அருகே இருக்கிறது. அதன் அயலிலுள்ள அருவக்காட்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலிருக்கும் அதே மயோசின் காலச் சுண்ணாம்புக்கல் படிவு வெட்டப்பட்டு, பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் போகிறது. 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்த பின், கொழும்பின் குப்பையை இதே அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பெற்றது. புத்தளம் மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில், 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. களப்போரம் நெடுக உப்பளங்கள்.

கற்குழியில் தூசி, சத்தம், உருளும் கல், பின்னோக்கி வரும் லொறி. சீமெந்து ஆலையில் 1,450 பாகை செல்சியஸ் சூளை, தோலை அரிக்கும் காரம். நிலக்கரித் தளத்தில் கரித்தூசி, பறக்கும் சாம்பல். குப்பை நிரப்பும் இடத்தில் ஊசி, உடைந்த கண்ணாடி, மெதேன், ஐதரசன் சல்பைட்டு. உப்பளத்தில் செறிந்த உப்புநீரும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும். ஒரு தலைக்கவசத்தையும் ஒரு சோடி கையுறையையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று சொல்ல இங்கே இடமில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் வேலை காரணமாக இறப்போர் கிட்டத்தட்ட 30 இலட்சம் பேர். அவர்களில் விபத்தில் இறப்போர் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம். மற்றவர்கள் எல்லோரும் நோயால் இறக்கிறார்கள். விழுவதும் நசுங்குவதும் செய்தியாகின்றன. மூச்சுத் திணறி வீட்டில் கிடந்து இறப்பது செய்தியாவதில்லை.

கவசத்துக்கு முன் நான்கு படிகள்

தொழிற் பாதுகாப்புத் துறை ஆபத்தைக் குறைக்கும் வழிகளை ஐந்து படிகளாக அடுக்குகிறது. ஆபத்தை முற்றாக நீக்குவது முதற்படி. ஆபத்துக் குறைந்த பொருளுக்கு மாறுவது இரண்டாவது. இயந்திரம், மூடி, காற்றுறிஞ்சி கொண்டு ஆபத்தை ஆளிடமிருந்து பிரிப்பது மூன்றாவது. வேலை முறையையும் நேரத்தையும் மாற்றுவது நான்காவது. ஆளின் உடலில் கவசம் அணிவிப்பது ஐந்தாவது, கடைசி.

கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற நான்கும் அங்கே நிற்கும் எல்லோரையும் காக்கும். கவசமோ அணிந்தவரை மட்டும், சரியாக அணிந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் காக்கும். கல்லில் துளை போடும்போது நீர் பாய்ச்சினால் தூசி பிறக்கும் இடத்திலேயே அடங்கும். நொறுக்கியையும் கொண்டுசெல் பட்டியையும் மூடினால், லொறிப் பாதைக்குப் பவுசரில் நீர் தெளித்தால், சாரதியின் அறையை அடைத்து வடிகட்டிய காற்றை உள்ளே விட்டால், முகக்கவசத்துக்கு மிஞ்சும் வேலை சிறிதாகும். இவற்றைச் செய்யாமல் முகக்கவசப் பெட்டியை மட்டும் வாங்கி வைப்பது, செலவையும் பொறுப்பையும் தொழிலாளியின் முகத்தில் ஏற்றுவதாகும்.

மூச்சு: எழுத்தும் எண்ணும் சொல்வது

சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் பளிங்குச் சிலிக்கா குறைவு. அதன் மேல் மூடியிருக்கும் செம்மண்ணிலும் மணலிலும் அது ஏராளம். மேல்மண்ணை அகற்றும் ஆட்களுக்கும் சீமெந்துக்கு மணலும் களிமண்ணும் அரைக்கும் ஆட்களுக்கும் கல்லுடைப்பவரை விட ஆபத்து கூடுதலாக இருக்கலாம். சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் அது வளரும்; காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும்.

தூசிக்கு வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். மருத்துவமனைகளில் அணியும் நீலத்துணிக் கவசம் முகத்தோடு ஒட்டி மூடுவதில்லை. தூசித் தளத்துக்கு அது உதவாது.

> பெட்டி 1: முகக்கவசத்தைப் படிப்பது எப்படி?
>
> என்95: அமெரிக்கத் தரம். மிக எளிதில் நழுவும் அளவுள்ள துகளிலும் 95 வீதத்தைத் தடுக்கும். எண்ணெய்ப் புகைக்கு ஏற்றதல்ல.
>
> எஃப்.எஃப்.பி.2: ஐரோப்பியத் தரம். 94 வீதம். கவசத்துக்குள் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று கணக்கிடலாம்.
>
> எஃப்.எஃப்.பி.3: 99 வீதம். இருபதில் ஒரு பங்காகக் குறைக்கும். சிலிக்கா உள்ள வேலைக்கு உகந்தது.
>
> வாயு வடிகட்டிகளின் நிறம் (ஐரோப்பிய முறை): கபிலம் – கரைப்பான் ஆவி, சாம்பல் – குளோரின், ஐதரசன் சல்பைட்டு போன்ற வாயுக்கள், மஞ்சள் – கந்தக ஈரொட்சைட்டு, பச்சை – அமோனியா, வெள்ளை – தூசி மட்டும்.

தூசி வடிகட்டி வாயுவைத் தடுக்காது. வாயு வடிகட்டி தூசியைத் தடுக்காது. இரண்டும் உள்ள இடத்தில் இரண்டும் சேர்ந்த வடிகட்டி வேண்டும்.

எவ்வளவு நல்ல வடிகட்டியும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் பயனற்றது. மூக்குப் பட்டியை அழுத்தி, இரு கைகளாலும் கவசத்தை மூடி, பலமாக ஊதிப் பார்க்க வேண்டும். கண்ணோரம் காற்று கசிந்தால் அது பொருந்தவில்லை. தாடி உள்ள முகத்தில் இவ்வகைக் கவசம் ஒட்டாது. புத்தளத்தில் மார்க்கக் கடமையாகத் தாடி வளர்ப்போர் பலர். அவர்களைத் தாடியை மழிக்கச் சொல்லவோ வேலையிலிருந்து நிறுத்தவோ தேவையில்லை. மின்கல விசிறியால் வடிகட்டிய காற்றை உள்ளே ஊதும் தளர்வான தலையுறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முகத்தோடு ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. விலை அதிகம்தான், ஆனால் அந்தச் செலவு நிறுவனத்துக்குரியது.

காது: அரை மணி நேரம் கழற்றினால்

நொறுக்கி, அரைக்கும் ஆலை, அமுக்கக் காற்றில் இயங்கும் துளைக்கருவி ஆகியவற்றின் அருகே ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கக்கூடும். உட்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் உயர்ந்த ஒலிகள் போகும். பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் கேட்கும்; பேரப்பிள்ளை சொல்வது விளங்காது. பின்னால் வரும் லொறியின் எச்சரிக்கை ஒலியும் கேட்காமல் போகும்போது, காதுக் குறைபாடு உயிராபத்தாக மாறுகிறது.

> பெட்டி 2: காது தாங்கும் நேரம்
>
> 85 டெசிபல் – 8 மணி நேரம்
> 88 டெசிபல் – 4 மணி நேரம்
> 91 டெசிபல் – 2 மணி நேரம்
> 94 டெசிபல் – 1 மணி நேரம்
> 100 டெசிபல் – 15 நிமிடம்

30 டெசிபல் குறைக்கும் காதடைப்பானை எட்டு மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், நாள் முழுவதுக்கும் கிடைக்கும் பயன் 12 டெசிபலுக்கு மேல் இராது. பாதி நேரம் கழற்றினால் 3 டெசிபல். ஆகவே காதை இறுக்கும் ‘பலமான’ அடைப்பானை விட, நாள் முழுவதும் உறுத்தாமல் அணியக்கூடிய நடுத்தர அடைப்பானே உண்மையில் கூடுதலாகக் காக்கும். பஞ்சு வைப்பது பாதுகாப்பில் சேராது.

கண், தோல், கை: வலிக்காமல் எரிக்கும் சீமெந்து

நீர் பட்ட சீமெந்தின் காரத்தன்மை பிஎச் 12 முதல் 13 வரை. அது உடனே எரிவதில்லை. சப்பாத்துக்குள் சீமெந்துக் கூழ் புகுந்தவர் மாலைவரை வேலை செய்துவிட்டு, இரவில் காலைக் கழுவும்போதுதான் தோல் உரிந்திருப்பதைக் காண்பார். மூடை சுமக்கும் நாட்டாமியின் கழுத்திலும் தோளிலும் வியர்வையே அந்த நீர். சீமெந்திலுள்ள குரோமியம் சிலருக்கு ஆறாத தோல் ஒவ்வாமையைத் தரும். ஒருமுறை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் கை வெடிக்கும். தொழிலையே விட வேண்டிவரும். ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சீமெந்தில் கரையக்கூடிய அந்தக் குரோமியத்துக்கு மில்லியனில் 2 பங்கு என்று எல்லை வைத்திருக்கின்றன.

ஈரச் சீமெந்துக்குத் தோற்கையுறை தவறான தெரிவு. தோல் காரத்தை உறிஞ்சிக் கைமேல் பிடித்து வைக்கும். நைத்திரைல் பூசிய, மணிக்கட்டுக்கு மேலும் மூடும் கையுறை வேண்டும். கூரிய இரும்புக்கும் கல்லுக்கும் தோற்கையுறை சரி. சுழலும் தண்டு, கொண்டுசெல் பட்டி, துளைக்கருவி அருகே எந்தக் கையுறையும் வேண்டாம். அது விரலை இயந்திரத்துக்குள் இழுத்துவிடும். கழுத்தில் தொங்கும் துவாயும் தளர்ந்த சாரமும் அதே வேலையைச் செய்யும்.

கண்ணுக்கு, பக்கம் மூடாத கண்ணாடி பறக்கும் கற்சில்லைக்கூட முழுதாகத் தடுக்காது. தூசிக்கும் தெறிக்கும் கூழுக்கும் முகத்தோடு ஒட்டிய மூடுகண்ணாடி வேண்டும். மின்வில் ஒட்டுவேலைக்கு 10 முதல் 13 வரையான கருமை எண் கொண்ட கண்ணாடியும், வாயு ஒட்டுவேலைக்கு அதைவிடக் குறைந்த எண்ணும் உரியவை. வெயிற்கண்ணாடி இரண்டுக்கும் உதவாது. கண்ணில் சீமெந்து விழுந்தால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான குழாய் பத்து நொடியில் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பயன்.

சூளையின் மேற்கோபுரத்தில் அடைப்பு எடுக்கும் வேலை சீமெந்து ஆலையின் மிகக் கொடிய வேலைகளில் ஒன்று. 800 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் பொடி நீர்போல் பாய்ந்து வெளியே வரலாம். அங்கே சாதாரணப் பருத்தியாடை எந்தக் காப்பும் தராது; அலுமினியம் பூசிய முழு உடையும் முகமூடியும் இல்லாமல் எவரும் நெருங்கக் கூடாது.

தலை, கால், உயரம்

அமெரிக்காவில் 1919இல் எட்வர்ட் புல்லார்ட் முதல் தொழில் தலைக்கவசத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கன்வசையும் பசையையும் நீராவியில் இறுக்கிச் செய்தது அது. இன்றைய கவசத்தின் காப்பு ஓட்டில் மட்டும் இல்லை. ஓட்டுக்கும் தலைக்கும் இடையே பட்டிகள் பிடித்து வைத்திருக்கும் இடைவெளியிலும் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் கைபேசியையோ சிகரெட் பெட்டியையோ செருகினால் அடி நேரே மண்டையில் இறங்கும். வெயில் பிளாத்திக்கை உடையச் செய்யும். உட்புறத்தில் அச்சிட்ட உற்பத்தித் திகதியைப் பார்க்க வேண்டும். பலமான அடி வாங்கிய கவசத்தை, வெடிப்புத் தெரியாவிட்டாலும், எறிந்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இதற்கு மாற்றாகாது.

பாதுகாப்புச் சப்பாத்தின் முனைக்கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் அடி அது. குப்பைத் தளத்தில் முனையை விட அடித்தளம் முக்கியம். ஊசியும் ஆணியும் துளைக்காத தகடு அதில் இருக்க வேண்டும். உப்பளத்தில் உலோக முனை துருப்பிடிக்கும். முழங்கால்வரை மூடும் இறப்பர் பூட்ஸும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், அகன்ற தொப்பியும் அங்கே உரியவை. உப்புநீரில் ஊறி வெடித்த பாதம் ஆறுவதற்கு உலர்ந்த நாட்கள் தேவை. நாட்கூலிக்காரருக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை.

உயரத்தில் வேலை செய்பவருக்கு இடுப்புப் பட்டி ஆபத்து. விழும்போது உடலை மடித்து உள்ளுறுப்பைக் கிழிக்கும். அமெரிக்காவில் 1998 முதல் விழுகைத் தடுப்புக்கு அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. முழு உடற்பட்டியும் அதிர்ச்சி உறிஞ்சியும் தேவை. கயிறு, உறிஞ்சி விரியும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்த்துக் கீழே ஏறக்குறைய ஆறு மீற்றர் வெற்றிடம் இல்லாவிட்டால், பட்டி பிடிப்பதற்குள் ஆள் தரையில் மோதுவார். தொங்கிக்கொண்டிருப்பவரின் கால்களில் குருதி தேங்கும். அவரை நிமிடங்களுக்குள் இறக்கும் ஏற்பாடு இல்லாமல் உயரத்துக்கு ஆளை அனுப்பக் கூடாது.

குழிக்குள் இறங்கும் முன்

2018 ஏப்ரலில் ஹொரணையில் ஓர் இறப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் வீழ்ந்தனர், ஐவர் இறந்தனர். மூடிய குழிகளில் நிகழும் சாவுகளில் காப்பாற்றப் போனவர்கள் இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. குப்பைக் கழிவுநீர்க் குழி, சாம்பல் சேமிப்புக் கோபுரம், கிணறு, படகின் அடித்தட்டு எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை.

ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை நாற்றம் தரும். மில்லியனில் 100 பங்கு அளவில் அது மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. மெதேன் காற்றில் 5 முதல் 15 வீதம் இருந்தால் ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறைந்த இடத்தில் எந்த வடிகட்டி முகக்கவசமும் வேலை செய்யாது, ஏனெனில் அது காற்றைச் சுத்தமாக்குமே தவிர உண்டாக்காது. வெளியிலிருந்து குழாயில் வரும் காற்றோ முதுகிற் சுமக்கும் காற்று உருளையோ வேண்டும். வாயுமானியால் அளந்த பின், உடற்பட்டியில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க, எழுத்து அனுமதியோடுதான் இறங்க வேண்டும். ஒருவர் மயங்கினால் மேலே நிற்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். தானும் இறங்கக் கூடாது.

வெயிலும் ஒரு நஞ்சு

புத்தளம் உலர்வலயம். மரநிழல் இல்லாத கற்குழியில் வெண்கல் வெயிலைத் திருப்பி அடிக்கும். கவசம் கூடக்கூட உடல் சூட்டை வெளியேற்றும் வழி குறையும். தொழிலாளர்கள் கவசத்தைக் கழற்றுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது; பெரும்பாலும் காரணம் சூடு. 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை நீர், நிழலில் ஓய்வு, கடும் வேலையை அதிகாலைக்கு மாற்றுவது ஆகியவை இல்லாமல் கவச ஒழுங்கைக் கேட்பது நியாயமில்லை. புதிதாக வந்தவர் முதல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயிலில் கடும் வேலை செய்ய வேண்டும். உடல் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நோன்பு மாதத்தில் பகலில் நீர் அருந்தாதவருக்குக் கடும் வேலையை இரவு முறைக்கோ விடியலுக்கோ மாற்றுவதே பாதுகாப்பு.

யார் வாங்க வேண்டும்?

இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியையும் புகையையும் அகற்றும் ஏற்பாட்டையும், தீங்கான பொருட்களோடு வேலை செய்வோருக்கு உரிய பாதுகாப்பு உடையையும் தொழில்தருநரின் கடமையாக்குகிறது. கொடுத்ததை முறையாகப் பயன்படுத்துவது தொழிலாளியின் கடமை. தொழில் திணைக்களம் இதைக் கண்காணிக்கிறது. கற்குழிகள் 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் அனுமதி பெறுபவை. 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்று பயிற்சிக்கும் ஆய்வுக்கும் தேசிய நிறுவகம் ஒன்றை அமைத்தது. ஆனால் 1942இன் சட்டம் ‘தொழிற்சாலை’யைச் சுற்றி எழுதப்பட்டது. எல்லா வேலைத்தளங்களையும் உள்ளடக்கும் புதிய சட்டம் நீண்டகாலம் பேச்சளவிலேயே நின்றது.

இடைவெளியில் விழுபவர் ஒப்பந்தக்காரரின் ஆள். நிரந்தர ஊழியருக்குச் சப்பாத்து. அதே குழியில் அதே தூசியில் நிற்கும் நாட்கூலிக்காரருக்குச் செருப்பு. தூசி சம்பளப் பட்டியலைப் பார்ப்பதில்லை. தளத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரே தரக் கவசம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதன் விலையைக் கூலியில் பிடிக்கக் கூடாது. பெண்களுக்கு ஆண்களின் பெரிய கையுறையைக் கொடுப்பது காப்பு ஆகாது. தலைத்துணி அணிவோருக்கு ஊசி குத்தாத, மெல்லிய, ஒட்டிய துணியும் தாடைப்பட்டியுள்ள கவசமும் பொருந்தும்.

> பெட்டி 3: வாங்குமுன், அணியுமுன்
>
> ● முதலில் ஆபத்தை அளக்கவும்: தூசியா, வாயுவா, எவ்வளவு, எத்தனை மணி நேரம்?
> ● தர அடையாளமும் உற்பத்தித் திகதியும் பொருளிலேயே இருக்க வேண்டும்.
> ● பல அளவுகள் வாங்கி, அணிபவரையே தெரிவு செய்ய விடவும்.
> ● ஒன்றாக அணிபவை ஒன்றையொன்று கெடுக்கக் கூடாது: கண்ணாடிக் காம்பு காதடைப்பானில் இடைவெளி உண்டாக்கும்.
> ● மூச்சு இழுப்பது கடினமானால், கவசம் நனைந்தால், கிழிந்தால் மாற்றவும்.
> ● தூசி படிந்த உடை வீட்டுக்குப் போகக் கூடாது. அது பிள்ளைகளின் மூச்சில் கலக்கும்.

பதிவு இல்லாத நோய்

கவசம் சரியாகக் காக்கிறதா என்பதை உடலே கடைசியில் சொல்லும். ஆண்டுதோறும் நுரையீரல் கொள்ளளவுச் சோதனை, செவிச் சோதனை, தூசித் தளத்தில் இருப்போருக்கு மார்பு எக்ஸ்ரே ஆகியவை நோயை அதன் தொடக்கத்திலேயே காட்டும். ஒரு பிரிவில் பலரின் செவித்திறன் இறங்கினால் தவறு காதில் இல்லை, தளத்தில் இருக்கிறது.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்லாமல் பட்டியலிட்ட தொழில் நோய்களுக்கும் ஈடு கேட்க வழி தருகிறது. ஆனால் சிலிக்கோசிஸ் தெரியவரும்போது ஒப்பந்தம் முடிந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம், ஒப்பந்தக்காரரும் மாறியிருக்கலாம். எந்தத் தளத்தில், எந்த வேலையில், எத்தனை ஆண்டு என்பதற்குக் கடதாசி இல்லாதவர் தன் மூச்சை இழந்ததற்கு ஈடு கேட்க முடியாது. ஆகவே வேலைக்குச் சேரும் நாளில் எடுத்த மருத்துவ அறிக்கையின் பிரதி, ஆண்டுச் சோதனை முடிவுகள், வேலைநாட் பதிவு, சம்பளச் சீட்டு ஆகியவை தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கும் நாட்கூலிக்காரருக்கும் தலைக்கவசத்தோடும் சப்பாத்தோடும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது இந்தக் கடதாசியும்தான்.